சிவகிரித் தோட்டத்தில் அப்பா, சென்னையில் மகள்: பலவீனமான இதயத்தைத் தூரத்திலிருந்து கவனிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக: அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 66. ஈரோடு மாவட்டம் சிவகிரியிலிருந்து உள்ளே, தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருவர் மட்டும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரையும் பிபியும். போன வருடம் எக்கோ எடுத்ததில் இதயம் பலவீனம், இ.எஃப். (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 35 என்றார்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறை நுரையீரலில் நீர் கோத்து, ராத்திரியோடு ராத்திரியாக ஈரோட்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன். வீட்டில் என்னென்ன கருவி வைக்க வேண்டும்? ஒரு நிறுவனம் மாதக் கட்டணத்துக்குக் கருவிகளைத் தந்து தானே கவனிப்பதாகச் சொல்கிறது, சேரலாமா?

பதில்:

கருவிக்கு அப்புறம் வருவோம். முதலில் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். தினமும் அந்த எண்களைப் பார்க்கப் போவது யார்? எந்த எண் வந்தால் என்ன செய்வது? செய்யப் போவது யார்? இந்த மூன்றும் நிரம்பாமல் எவ்வளவு நல்ல கருவி வாங்கினாலும் மூன்றாவது வாரம் அது அலமாரிக்குப் போய்விடும்.

இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 1,653 இதயச் செயலிழப்பு (இதயம் பலவீனமாகும் நோய்) நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. பாதிப் பேர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணை அழைத்து, எடையையும் உடல்நிலையையும் பதிய வேண்டும். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. பதியச் சொன்னவர்களில் 14 சதவீதம் பேர் ஒருமுறைகூட அந்த ஏற்பாட்டைத் தொடவில்லை. ஆறு மாத முடிவில் வாரம் மூன்று நாளாவது பதிந்தவர்கள் 55 சதவீதம்தான். ஜெர்மனியில் 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2018-இல் வந்தது. அதிலும் எடை, பிபி, இசிஜி, ஆக்சிஜன் எல்லாம் வீட்டிலிருந்தே போயின. ஆனால் மறுமுனையில் 24 மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும் உட்கார்ந்திருந்தார்கள். எண் மாறினால் அன்றே அழைத்து மருந்தை மாற்றினார்கள். அங்கே வருடத்துக்கு 100 பேரில் 11 என்று இருந்த இறப்பு 8-ஐ ஒட்டிக் குறைந்தது. இரண்டு இடத்திலும் அளந்தார்கள். அளந்ததைப் பார்த்து அன்றைக்கே கைவைக்க ஆள் இருந்தது இரண்டாவது இடத்தில்தான்.

ஆகவே அந்த நிறுவனத்திடம் கருவியின் விலையைவிட இதைக் கேளுங்கள்: ராத்திரி 2 மணிக்கு எடுத்த அளவை யார், எப்போது பார்ப்பார்? பார்ப்பவர் மருத்துவரா, செவிலியரா, மென்பொருள் மட்டுமா? அவர்கள் மருத்துவர் உங்கள் அப்பாவின் இதய மருத்துவரோடு பேசுவாரா, இல்லை தனியாக மருந்து எழுதுவாரா? தோட்டத்தில் சிக்னல் இல்லாத நாளில் என்ன செய்வார்கள்? இந்த நான்குக்கும் நேரான பதில் வந்தால் சேரலாம். வராவிட்டால் கீழே உள்ளதை நீங்களே செய்யலாம், செலவும் குறைவு.

உங்கள் அப்பாவுக்கு மிக முக்கியமான கருவி எடை மெஷின். பிபி மெஷின்கூட அதற்கு அப்புறம்தான். இதயம் பலவீனமானவர் உடலில் ஒரு லிட்டர் நீர் தங்கினால் எடை ஒரு கிலோ ஏறும். மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலைக்குப் பல நாள் முன்பிருந்தே இந்த ஏற்றம் தொடங்கிவிடும். கால் வீங்கித் தெரிவதற்குள் சில லிட்டர் சேர்ந்திருக்கும். அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் நீர் மாத்திரையை (தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) கூட்டுவதோடு முடிந்துவிடும்.

100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் மெஷின் போதும், புளூடூத் வேண்டாம். எண் பெரிதாகத் தெரியட்டும். சிமெண்ட் தரை அல்லது கடப்பாக் கல் மேல், நான்கு காலும் ஆடாமல் வைத்து, அந்த இடத்தைப் பெயிண்டால் குறித்துவிடுங்கள். பாய் மேல், மேடுபள்ளமான வாசல் மேல் வைத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு நிமிடத்தில் ஒரு கிலோ வித்தியாசம் காட்டும். சரிபார்க்க எளிய வழி உண்டு: காலிக் குடத்தை நிறுத்துக் குறித்துக்கொண்டு, லிட்டர் பாட்டிலால் பத்து முறை அளந்து தண்ணீர் ஊற்றி மறுபடி நிறுங்கள். பத்து கிலோ கூட வேண்டும். மாதம் ஒருமுறையும், பேட்டரி மாற்றிய அன்றும் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

நேரம் முக்கியம். எழுந்து, சிறுநீர் கழித்து, காபி குடிக்கும் முன், அதே மாதிரி வேட்டியோடு, செருப்பில்லாமல் ஏற வேண்டும். மாடு வைத்திருப்பவர்கள் பால் கறக்கப் போவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து எடுத்தால் நடுவில் ஒரு டம்ளர் காபியும் வேலைக் களைப்பும் சேர்ந்துவிடும்; அப்புறம் நேற்றோடு இன்றை ஒப்பிட முடியாது.

ஆஸ்பத்திரியில் நீர் எல்லாம் இறங்கி வீடு திரும்பியபோது இருந்த எடைதான் அளவுகோல். அதை வீட்டு மெஷினில் மறுநாள் காலையே எடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும் என்பது பொதுவான விதி. ஒரே நாளில் ஒன்று, ஒன்றரைக் கிலோ ஏறினாலும் சும்மா விடாதீர்கள். மறுநாள் காலை மறுபடி பார்த்து, இறங்காவிட்டால் கூப்பிடுங்கள். மலச்சிக்கலாலோ, முந்தின ராத்திரி விசேஷ வீட்டுச் சாப்பாட்டாலோ வரும் ஏற்றம் பொதுவாக அடுத்த நாளே இறங்கிவிடும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: "2 கிலோ ஏறினால் நீர் மாத்திரையை எவ்வளவு, எத்தனை நாள் கூட்டலாம்? எப்போது நிறுத்த வேண்டும்?" சீட்டிலேயே எழுதித் தரும் மருத்துவர்கள் உண்டு. அந்த ஒரு வரி இருந்தால் ராத்திரி ஓட்டம் குறையும்.

எடை இறங்குவதையும் கவனியுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் வந்து 2 கிலோ இறங்கிவிட்டால், அதே நீர் மாத்திரை, பிபி மாத்திரை, டாபாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். அந்த நாட்களில் எதை நிறுத்தி வைப்பது என்று மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். வழக்கம்போல எல்லாவற்றையும் விழுங்க விடாதீர்கள்.

எடை ஏறியதும் "உப்புக் கூடிருச்சு" என்று அம்மாவைக் குறை சொல்வது வழக்கம். முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். முட்டி வலிக்கு மெடிக்கலில் ஏதாவது மாத்திரை வாங்கினாரா? டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்சிப் ஆகிய எல்லாமே உப்பையும் நீரையும் உடலில் தேக்கும். பலவீனமான இதயத்தை ஒரே வாரத்தில் படுக்க வைத்துவிடும். அம்மாவுக்கு எழுதிய முட்டிவலி மாத்திரையை அப்பா எடுத்துப் போட்டுக்கொள்வதும் நடக்கும். நீர் மாத்திரையை நிறுத்திவிட்டாரா? திருப்பூருக்கோ பழனிக்கோ பஸ்ஸில் போகும் நாளில், வழியில் இறங்க முடியாது என்று காலை மாத்திரையை விட்டுவிடுவார்கள். அதை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. அரிசிம்பருப்புச் சாதத்தில் போடும் உப்பைவிட அதன் பக்கத்தில் வைக்கும் ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், உப்புக்கண்டம்தான் கணக்கை ஏற்றும். உப்பைக் குறைக்க வேண்டும் என்று "லோ சோடியம்" உப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் அல்லது ராமிப்ரில், சாகுபிட்ரில் வகை மருந்து எடுப்பவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீடுகளில் இளநீருக்கும் இதுவே பொருந்தும். வெயிலுக்குத் தினம் இரண்டு இளநீர் வெட்டிக் குடிப்பது இந்த மருந்துகளோடு ஒத்துப்போகாது. எவ்வளவு குடிக்கலாம் என்பதைப் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்த அளவு) பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

பிபிக்கு மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின். மணிக்கட்டு வகை வேண்டாம், கைக்கடிகாரம் காட்டும் பிபியை வைத்து மருந்தை மாற்றவும் கூடாது. வாங்கும் முன் அப்பாவின் மேல்கைச் சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 22 முதல் 32 செ.மீ. வரை சாதாரண கஃப் (கையில் சுற்றும் பட்டை), அதற்கு மேல் பெரிய கஃப். பருத்த கையில் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பிபியைக் காட்டும்.

தோட்டத்து வீட்டில் பிபி எடுக்கும் காட்சி பொதுவாக இப்படி இருக்கும்: கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் அவர் உட்கார்ந்திருப்பார், முதுகுக்குச் சாய்வு கிடையாது, கால் தொங்கும், கை தொடைமேல் கிடக்கும், சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கியிருக்கும், வாசலில் வந்தவரிடம் தண்ணீர் விட்டதைப் பற்றிப் பேச்சும் நடக்கும். இதில் ஒவ்வொன்றும் அளவை ஏற்றும். கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 புள்ளி கூடும். சாய்வுள்ள நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் இல்லை, கை மேசைமேல் ஒரு தலையணை வைத்து நெஞ்சு மட்டத்தில், துணி இல்லாத வெறும் கை, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு பட்டனை அழுத்த வேண்டும். அதற்கு முந்தின அரை மணி நேரம் காபி, பீடி, புகையிலை கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுத வேண்டும். முதல் எண் பிடிக்கவில்லை என்று ஐந்து முறை எடுத்து, குறைந்ததை மட்டும் எழுதுவது மருத்துவரை ஏமாற்றும். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்த மெஷின்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு காட்டும். அவர்களுக்கு மூன்று முறை எடுத்துச் சராசரி.

தினம் காலை மாலை பிபி எடுத்துக் கவலைப்பட வேண்டிய தேவை எல்லோருக்கும் இல்லை. மருந்து மாற்றிய பிறகும், மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தின வாரமும் ஏழு நாள், காலை மாலை எடுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாள் சராசரி போடுங்கள். வீட்டு அளவுக்குப் பொதுவான எல்லை 135/85. உங்கள் அப்பாவுக்குத் தாழ்வதும் ஆபத்து: மேல் அளவு 90-க்குக் கீழ் போய்த் தலைசுற்றல் இருந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். 180/120-ஐத் தாண்டினால் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பாருங்கள். குறையாமல் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் ஏதாவது இருந்தால் 108. இவை எதுவும் இல்லை என்றால் அன்றே மருத்துவர்.

சர்க்கரைக்கு வருவோம். தரமான குளுக்கோமீட்டரே 100-க்கு மேல் 15 சதவீதம் கூடக் குறையக் காட்டலாம்; சர்வதேசத் தரம் அனுமதிக்கும் அளவு அது. அதனால் 160-க்கும் 175-க்கும் வித்தியாசம் பார்க்காதீர்கள். பெரிய தவறுகள் வேறு இடத்தில் வரும். மாம்பழமோ வெல்லமோ தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் 300 காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்தால் ஈரம் இழுத்துக் கெடும். கரூர், ஈரோடு பக்கம் சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு அதுதான் மேல் எல்லை. அதற்காகப் ஃப்ரிட்ஜில் வைத்தால் எடுத்து வெளியே வைத்ததும் வியர்த்துக் கெடும். வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத மூலையில், வந்த டப்பாவிலேயே இருக்கட்டும். திறந்த தேதியை டப்பாமேல் எழுதுங்கள்.

அப்பா கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், கூடுவதைவிடக் குறைவதற்குத்தான் பயப்பட வேண்டும். 70-க்குக் கீழ் என்றால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். இதய மருந்தில் பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால், கார்வெடிலால் இருந்தால் கைநடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். "சும்மா வேர்க்குது கண்ணு" என்று அவர் சொன்னால் அம்மா உடனே ஸ்ட்ரிப்பை எடுக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் ஒன்று இருக்கட்டும். மருதாணி, நகப்பூச்சு, ஆடிக் காற்றில் சில்லிட்ட விரல் எல்லாம் அளவைக் குழப்பும். விரலைச் சூடாகத் தேய்த்துவிட்டு, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். வழக்கமாக 96, 97 இருப்பவருக்குத் திரும்பத் திரும்ப 92-க்குக் கீழ் வந்தால் மருத்துவர், 90-க்குக் கீழ் வந்தால் ஆஸ்பத்திரி. எண் 95 என்று காட்டினாலும், படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டால் எண்ணை நம்பாதீர்கள், ஆளை நம்புங்கள்.

இந்த எண்கள் உங்களிடம் வந்து சேர வழி? புளூடூத் கருவிக்குப் பக்கத்திலேயே ஸ்மார்ட்போன் இருக்க வேண்டும், செயலி திறந்திருக்க வேண்டும், லொகேஷன் ஆன் ஆக இருக்க வேண்டும். அப்பாவிடம் பட்டன் போன் என்றால் அந்த வழி அடைபட்டது. தினம் காலை 6.45-க்கு நீங்கள் கூப்பிடுங்கள். அவர் நோட்டைப் பார்த்து எடை, பிபி, நாடித்துடிப்பு என மூன்றையும் படிக்கட்டும், நீங்கள் உங்கள் தாளில் ஏற்றுங்கள். இதில் எந்தக் கருவியும் தராத ஒன்று கிடைக்கும். மூன்று எண்ணை ஒரே மூச்சில் சொல்கிறாரா, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா என்று காது கேட்டுவிடும். இரண்டே கேள்வி கூடக் கேளுங்கள்: "ராத்திரி எத்தனை தலகாணிங்கப்பா? எந்திரிச்சு உக்காந்தீங்களா?" முந்தின வாரம் ஒரு தலையணை, இந்த வாரம் மூன்று என்றால் எடை சொல்வதற்கு முன்பே விஷயம் புரிந்துவிடும்.

பங்காளிகள் எல்லாம் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இந்த எண்களைப் போடாதீர்கள். ஆளுக்கொரு கசாயம் சொல்வார்கள், அப்பா மாத்திரையை விடுவார். மருத்துவருக்கும் நாற்பது போட்டோ அனுப்ப வேண்டாம். ஏழு நாள் எடையும் பிபி சராசரியும் ஒரே பக்கத்தில், இப்போது எடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும் கீழே: பத்து நொடியில் படித்துவிடலாம். 2020 மார்ச்சில் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, நேரில் பார்த்த ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்குத் தொலைபேசி, வீடியோ, குறுஞ்செய்தி வழியாக மருத்துவர் தொடர் ஆலோசனை தரலாம். எந்த வழி, எந்த நேரம், கட்டணம் எவ்வளவு என்பதை அவரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். அரசின் இ-சஞ்சீவனி இணையவழி மருத்துவர் ஆலோசனை இலவசம், 104-ஐ அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துவிட்டால் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் எடுக்கும் பிபியை உங்கள் மெஷினோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அம்மா ஒரு விசேஷத்துக்குப் போனால் இந்த ஏற்பாடு நின்றுவிடக் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில், பத்து நிமிடத்தில் வந்து சேரக்கூடிய, வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் நோட்டு எங்கே, மாத்திரைப் பெட்டி எங்கே, யாருக்குப் போன் செய்வது என்று காட்டி வையுங்கள். இங்கே சாளைகள் ஊரோடு சேர்ந்து இல்லை, ஆளுக்கொரு தோட்டத்தில் சிதறிக் கிடக்கும். கதவு எண் சொன்னால் 108 வண்டி வந்து சேராது. எந்த மெயின் ரோடு, எந்தக் கோவில் தாண்டி, எத்தனையாவது இட்டேரியில் (தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதை) திரும்ப வேண்டும் என்று நான்கு வரியில் எழுதிப் போனுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். அதே வரிகளும் லொகேஷனும் உங்கள் போனிலும் இருந்தால் சென்னையிலிருந்தே 108-க்கு வழி சொல்லலாம். வண்டி வருகிறது என்று தெரிந்ததும் அம்மா செய்ய வேண்டியது மூன்று: அப்பாவைப் படுக்க வைக்காமல் சாய்த்து உட்காரவைப்பது, வாசல் லைட்டைப் போடுவது, நாயைப் பிடித்துக் கட்டுவது.